அம்பாசிடரின் இன்ஜினை இறக்குவதற்கு முன்

அன்புள்ள பாப்லு,

உன் சர்ட்டிபிகேட் பெயரை எழுதாமல், தாக்குரியாவில் தெரு முழுக்க உன்னைக் கூப்பிடும் வங்காளிச் செல்லப் பெயரை எழுதியிருப்பதிலிருந்தே என் கோபம் தணிந்துவிட்டது என்று உனக்குப் புரிந்திருக்கும். கோபம் இருந்தபோதும் எழுத உட்கார்ந்தேன். "சிரஞ்சீவி ராகவனுக்கு" என்று ஆரம்பித்து, அதற்கு மேல் எழுதினால் நீ உன் கல்யாணத்துக்கே வர மாட்டாய் என்று கிழித்துப் போட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்தான். ஆனால் நான் எழுதும் எதையும் நீ முதல் வரிக்கு மேல் படிப்பதில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதம். உட்கார்ந்து முழுக்கப் படி. தியாவுக்கும் படித்துக் காட்டு. நம் வீட்டுக்கு வரப்போகிற பெண், இந்த வீட்டில் எதற்கெல்லாம் சண்டை வரும் என்று அவளுக்கும் தெரியட்டும்.

விஷயம் இன்ஜின். நம் அம்பாசிடரின் பழைய இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவதா என்ற கேள்வியில் நீயும் அப்பாவும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறீர்கள். கார்த்திகையில் கல்யாணம். நீ மாப்பிள்ளையாக ஏறி ஊர்வலம் போகப் போகிற கார் அது. நமக்கு ஜானவாசம், தியாவின் வங்காளி வீட்டிலும் மாப்பிள்ளை பூ ஜோடித்த காரில்தான் வந்து இறங்க வேண்டுமாம். இரண்டு வீட்டுச் சம்பிரதாயமும் இடிக்காமல் ஒத்துப்போன ஒரே இடம் இந்தக் கார்தான். மற்றபடி, அவர்கள் வழக்கப்படி சீர்வரிசையில் புடவை கட்டி அலங்கரித்து அனுப்பப் போகிற ரோஹு மீனை, மீனே நுழையாத நம் வீட்டில் யார் வாங்கி எங்கே வைப்பது என்பது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் அப்பாவும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்கிறீர்கள். நடுவில் நான் ஒருத்தி, "அவன்கிட்ட சொல்லு", "அவர்கிட்ட சொல்லு" என்று இரண்டு பக்கமும் தந்தி அடித்துக்கொண்டிருக்கிறேன். வங்கி கவுண்ட்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேர் கத்தியதைக் கேட்டவள் நான். அங்கே சாயங்காலம் ஆனால் ஷட்டரை இறக்கிவிடலாம்.

இந்தச் சண்டையில் முதலில் எனக்குத் தலை சுற்றியதே, நீங்கள் இரண்டு பேரும் இடம் மாறி நின்றதுதான். உன் அப்பா கார்டன் ரீச் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து ரிட்டயரானவர் என்பது ஊருக்குச் சொல்வது. உண்மையில் அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த உத்தியோகம், இந்தக் காரை ஒரிஜினலாக வைத்திருப்பது. கதவுக் கைப்பிடி ஒன்று உடைந்ததற்கு, அதே மாதிரி கிடைக்க வேண்டும் என்று மல்லிக் பஜாரின் பழைய சாமான் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அலைந்தவர். புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்றால், இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்ன மாதிரி என்னைப் பார்ப்பார். நீ காலேஜில் படிக்கும்போது ஆசையாக ஒரு மியூசிக் ஹாரன் வாங்கி வந்து மாட்டினாயே, நினைவிருக்கிறதா? அதைக் கழற்றி உன் தலையணை மேல் வைத்துவிட்டு, அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. அந்த மனுஷன் ஒரு நாள் காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்த இன்ஜினைத் தூக்கிக் கடாசிட்டு வேற ஏதாவது வச்சுடலாம்னு இருக்கேன்" என்றார். நான் எழுந்து போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஜுரம் இல்லை.

நீ மட்டும் என்ன, குறைந்தவனா? பள்ளிக்கூட நாட்களில் இந்தக் காரில் வந்து இறங்குவதே உனக்கு அவமானம். வாசலுக்கு முந்தைய திருப்பத்தில், மிட்டாய்க் கடையிடம் இறக்கிவிடச் சொல்வாய். அப்பா வேண்டுமென்றே வாசல் வரை வந்து ஹாரனும் அடிப்பார். நீ சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்வாய். இன்றைக்குப் புனேயில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு "விண்டேஜ்" என்கிறாய். ஒரிஜினல் இன்ஜின் சத்தம் இருந்தால்தான் கல்யாண வீடியோ எடுபடும் என்கிறாய். அதன் ரேடியேட்டருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருப்பாயா நீ? ஒரு நாள் துணி எடுத்துத் துடைத்திருப்பாயா? படத்தில் பார்க்கிறவனுக்கு எல்லாக் காரும் அழகுதான்.

அந்தச் சத்தத்தை நீ முதன்முதலில் கேட்டது பிறந்த வாரத்தில். பவானிப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். குழந்தைக்கு அதிரக் கூடாது என்று அப்பா வழி முழுக்க முதல் கியரைத் தாண்டவே இல்லை. டிராம் எங்களைத் தாண்டிப் போனது. சைக்கிள்கள் போயின. கை ரிக்‌ஷாக்காரர் ஒருவர் தாண்டிப் போகும்போது, வண்டி ரிப்பேரா என்று கரிசனமாக விசாரித்துவிட்டும் போனார். எனக்கோ பசி, அசதி, தையல் போட்ட இடத்தில் வலி. கோல் பார்க் வரும்போது இன்ஜின் கொதித்துப் புகைந்தது. உனக்காகக் காய்ச்சி ஆறவைத்து ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்திருந்த தண்ணீரை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார். நான் அழுதுவிட்டேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். "பார், ஒரு தடவைகூட முழிச்சுக்கலை" என்று அவருக்கு அப்படி ஒரு பெருமை. இதை நீ நினைவில் வைத்துக்கொள். பின்னால் தேவைப்படும்.

இன்ஜின் இப்போது நிஜமாகவே தளர்ந்துவிட்டது. அதில் உங்கள் இருவருக்கும் சண்டை இல்லை. ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை கிளம்புகிறது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் ஓடி வந்து எடுக்கிறார்கள். ஆயிலைத் தண்ணீராகக் குடிக்கிறது. சலீம் மிஸ்திரியை வரவழைத்தோம். உனக்குத் தெரிந்தவர்தான்: வெள்ளை பேன்ட், அத்தர் வாசனை, கார் மெக்கானிக்காக இருந்தும் விரலில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது. நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, இன்ஜினை "பேஷண்ட்" என்று சொல்லிப் பேசுவார். அழுத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, ஆனால் இன்ஜினின் கூடு, அந்த பிளாக், கெட்டியாக இருக்கிறது, இன்ஜினை இறக்கி சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, அதாவது போர் செய்து, புது பிஸ்டன் போட்டால் இன்னும் நெடுங்காலம் ஓடும் என்றார். நான் டீ கொண்டுவந்து கொடுத்தேன். டீ உள்ளே போனதும், அந்தச் செலவுக்குப் பின்னால் வந்த மாடலின் ஜப்பான் இன்ஜினையே ஐந்து கியரோடு உட்கார்த்தி வைத்தால் வண்டி பறக்கும் என்றார். பிஸ்கட்டைக் கடித்ததும், பேட்டரி மோட்டார் வைப்பதற்குத் தன் மைத்துனருக்குத் தெரிந்த ஆள் இருப்பது நினைவுக்கு வந்தது. இன்னொரு டீ கொடுத்தால் ஹெலிகாப்டர் ஆக்குவதற்கும் ஆள் இருப்பார் என்று நான் உள்ளே போய்விட்டேன்.

எதிர் வீட்டுப் பெரியவர் தத்தாதா பால்கனியில் நின்றபடியே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். அவருக்கு உலகத்தில் வருகிற எல்லா வியாதிக்கும் காரணம் வயிற்று வாயு. இன்ஜினுக்கும் அதுதானாம். டேங்க்கைக் காலியாக விடக் கூடாது, காலையில் கொஞ்சம் நிரப்பிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று பத்தியம் சொன்னார். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார். அப்பா அதற்கும் தலையாட்டினார்.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் அப்பா மிஸ்திரியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. போர் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்கவில்லை. ஜப்பான் இன்ஜின் எங்கே கிடைக்கும், நல்லதா, அடிபட்டதா என்று கேட்கவில்லை. "அதில் கிளட்ச் உண்டா?" என்று கேட்டார். ஜப்பான் இன்ஜினுக்கு உண்டு என்றார் மிஸ்திரி. பேட்டரி மோட்டாருக்கு? அதற்குக் கிளட்ச் மிதிக்கிற வேலையே இல்லை, ஸ்கூட்டி மாதிரிதான் என்றார். அதோடு அப்பா எழுந்து, அதுதான் வேண்டும் என்று முடித்துவிட்டார். எனக்கு அப்போது உறைக்கவில்லை பார். வங்கியில் கையெழுத்து ஒரு சுழி மாறியிருந்தால் கண்டுபிடிப்பேன். வீட்டில் கோட்டை விட்டேன்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இன்ஜினை மாற்றினால் பேல்தலா மோட்டார் ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்க வேண்டும், ஆர்.சி.யில் மாற்றி எழுத வேண்டும், கல்யாணத்துக்குள் நடக்கிற காரியமா என்றேன். மழை பெய்தால் நம் தெருவில் ஆட்டோவே மிதக்கிறது, அதில் பேட்டரியைக் கொண்டுபோய் நிறுத்துவதா என்றேன். எதுவும் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய். இரண்டு பேரும் ஸ்பீக்கரில் கத்தினது தத்தாதா வீடு வரை கேட்டது. "அந்த இன்ஜினை எடுத்தேள்னா நான் வாடகைக் கார்ல வந்துக்கறேன்" என்றாய் நீ.  அவர் "தாராளமா வா" என்று சொல்லி என்னிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்க் காரைத் துடைத்தார். ஏற்கெனவே காலையில் துடைத்த கார்.

நான் உன் பக்கம்தான் இருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். கிழவருக்குப் பிடிவாதம் முற்றிவிட்டது என்றே நினைத்தேன். வண்டி ஓட்டும்போது அவர் செய்த அழும்பு கொஞ்சமா! லேக் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனால், சிக்னல் இல்லாத சந்து சந்தாகத் தேடி ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். சிக்னலில் நின்றால் உடனே இன்ஜினை நிறுத்திவிடுவார். கேட்டால் பெட்ரோல் மிச்சம். தாக்குரியா பாலம் ஏறும்போது கியரைக் குறைக்க மாட்டார். வண்டி டாப் கியரிலேயே மூச்சு வாங்கித் திணறும். "பார், இழுக்கறதா பார். அவன்கிட்ட சொல்லு" என்பார். நானும் பார்த்தேன். இழுக்கத்தான் இல்லை.

துர்கா பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தியம்மாவுக்குப் புடவை எடுக்க கரியாஹாட் போனோம். அந்த நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு அங்கே போகிறவர்களைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டும், ஆனால் டாக்சியில் போகலாம் என்றால் அவருக்கு ரோஷம். போகும்போது எப்படியோ போய்விட்டோம். திரும்பும்போது ஃப்ளைஓவருக்குக் கீழே மாட்டிக்கொண்டோம். ஒரு முழம் நகரும், நிற்கும். மறுபடி ஒரு முழம். முன்னால் பஸ், பின்னால் டாக்சி, இரண்டு பக்கமும் பை பையாகத் தூக்கிக்கொண்டு ஜனம். அப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது. திடீரென்று நட்ட நடு ரோட்டில் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார். அடேயப்பா, எழுந்தது பார் ஒரு சத்தம்! ஹாரன், வசவு, எல்லாம். நைட்டி விற்கிறவர் கடையை விட்டுவிட்டு வந்து, கார்புரேட்டரில் குப்பை என்றார். பூச்சாடி விற்கிறவர், இல்லை, பிளக் என்றார். டிராஃபிக் சார்ஜென்ட் வேறு விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

எனக்கு முன்னால் கண்ணாடியை மறைத்துக்கொண்டு பானெட் சுவர் மாதிரி நின்றது. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே, கீல் இருக்கும் இடத்தில், கொஞ்சம் இடைவெளி இருக்கும் இல்லையா, அது வழியாகக் குனிந்து பார்த்தேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை, பாப்லு. இடது காலைத் தூக்கி பம்பர் மேல் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்தவர்களிடம், "சூடாயிடுத்து, ஆறணும்" என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரே வேடிக்கை பார்க்கிற இடத்தில் யாருக்கும் தெரியாமல் காலை நீவிக்கொள்ள அவருக்குக் கிடைத்த மறைவு அந்த பானெட் ஒன்றுதான். 

அம்பாசிடரின் முன் சீட் ஒரே பெஞ்ச். கியர் ஸ்டியரிங்கோடு இருக்கும். நான் அப்படியே நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு லைசென்ஸ் உண்டு என்பது உனக்கு மறந்தே போயிருக்கும். முன்னொரு காலத்தில் ஓட்டக் கற்றுக்கொண்ட கையோடு, கிளப் பையன்கள் போட்டிருந்த சரஸ்வதி பூஜைப் பந்தலின் மூங்கிலில் நான் இடித்ததில், சரஸ்வதி வீணையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். அன்றைக்கு அப்பா சாவியை வாங்கினவர்தான். நானும் வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். எதற்கு என்று கேட்காதே. ஒருத்திக்குத் தன்னுடையது என்று ஏதாவது வேண்டாமா?

"ஆறியிருக்கும். மூடிட்டு அந்தப் பக்கமா ஏறிக்கோங்கோ" என்றேன். அவர் பானெட்டை மூடிவிட்டு வலது கதவுக்கு வந்தவர், நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். சார்ஜென்ட் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்பா காரின் மூக்கைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். அந்தச் சின்னத் தூரத்தை அவர் எப்படி நடந்தார் என்று அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பலிலேயே இன்ஜின் எழுந்துகொண்டது.  "கிளட்சை மெதுவா விடு. மெதுவா. மெதுவான்னா விடாதேன்னு அர்த்தம் இல்லை" என்று ஆரம்பித்தவர், கோல் பார்க் வரை வாயை மூடவில்லை. பாலம் வந்தது. கிளட்சை மிதித்து இரண்டாவது கியருக்குக் குறைத்தேன். நீலப் புகையில் பின்னால் வந்த பஸ்ஸே மறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் வண்டி கர்ஜித்துக்கொண்டு ஏறியது. நேராக உச்சி வரை ஏறியது. நான் இடது பக்கம் திரும்பவில்லை. அவரும் அதற்குப் பிறகு, இழுக்கறதா பார் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்டேன்.

"முட்டி எத்தனை நாளா?"

"எந்த முட்டி?"

"பம்பர் மேல வச்சிண்டிருந்தேளே, அந்த முட்டி."

காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் ஆற்றினார். பிறகு சொன்னார்: "ஊர்வலம் பூரா ஹாஃப் கிளட்ச்லதான் போகணும். நடுவுல கால் விட்டுடுத்துன்னா நாதஸ்வரக்காரன் மேல ஏத்திடுவேன். இன்ஜின் போனா போறது. அவனை நான்தான் ஓட்டிண்டு போகணும்."

புரிகிறதா உனக்கு? கோயிலிலிருந்து மண்டபம் வரை, முன்னால் நாதஸ்வரம், பக்கத்தில் தியா வீட்டுப் பெண்கள் சங்கு ஊதிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் கார் ஊர வேண்டும். இடது காலைக் கிளட்சிலிருந்து எடுக்கவே முடியாது. தன் கால் அதைத் தாங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாராவது ஓட்டட்டும் என்று விட மனசு இல்லை. முட்டி வலிக்கிறது என்று சொன்னால் நாம் எல்லோரும் சேர்ந்து சாவியைப் பிடுங்கிவிடுவோம் என்று பயம். அதனால், ஒரு கைப்பிடிக்காக ஊரெல்லாம் அலைந்த மனுஷன், தன் இன்ஜினையே எடுத்து எறியத் துணிந்துவிட்டார். உன் ஊர்வலத்தில் உனக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பதற்காக. அவரிடம்தான் நீ வாடகைக் காரில் வருகிறேன் என்று சொன்னாய். உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் படித்துவிட்டு உனக்கு வலித்தால் வலிக்கட்டும். எனக்கும் வலித்தது.

இதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் இரண்டு வழி சொன்னார்: உடற்பயிற்சி, ஊசி என்று சரிசெய்து ஓட்டுவது ஒன்று, முழங்கால் மூட்டையே மாற்றிப் புதிது வைப்பது ஒன்று. புதிதாக வைத்தால் நிம்மதி என்றார். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம்! பேட்டரி மோட்டார் வேண்டும் என்று குதித்தவர், ஒரிஜினலை எடுக்கக் கூடாது, இருக்கிறதை வைத்துச் சரிசெய்ய முடியாதா, வெறும் ரிங் மட்டும் மாற்றுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரிடம் வாதாடினார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கல்யாணம் முடிந்ததும் மாற்றிக்கொள்கிறேன் என்று கடைசியில் சம்மதித்தார். அதுவரைக்கும் பயிற்சி. தத்தாதா மட்டும், முழங்காலுக்குக் காரணமும் வாயுதான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே முடிவு இது. நான் எடுத்த முடிவு. இரண்டு பேரும் இதில் வாயைத் திறக்கக் கூடாது. இருக்கிற இன்ஜினை இறக்கி, போர் செய்து, புது பிஸ்டன் போட்டு அதையே ஏற்றுகிறோம். பிளாக் மாறாததால் அதில் பொறித்த இன்ஜின் நம்பர் மாறாது, ஆபீசுக்கு அலைய வேண்டாம். நீ கேட்ட சத்தமும் இருக்கும். சலீம் மிஸ்திரியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அவர் மனசு மாறாமல் இருக்க, வேலை முடிகிற வரை நம் வீட்டில் அவருக்கு டீ கிடையாது. மாற வேண்டியது இன்ஜின் இல்லை, ஓட்டுகிற ஆள். அந்த ஆள் நான். ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் அம்மா கார் ஓட்டுவது எந்த ஊர் வழக்கம் என்று உன் பெரியப்பா இப்போதே சென்னையிலிருந்து கேட்கிறார். அவரை சாந்த்ராகாச்சி ஸ்டேஷனிலிருந்து அழைத்து வரப்போவதும் நான்தான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு போனில் அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அப்பாவிடம் இதைச் சொன்ன விதம் வேறு. உங்கள் கால் முடியவில்லை, நான் ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு ஹாஃப் கிளட்ச் சரியாக வரவில்லை, நீங்கள் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு என்றேன். பொய்யும் இல்லை. இன்ஜினை இறக்கக் கொடுக்கிற நாள் வரைக்கும், தினமும் காலையில் வீட்டுக்குப் பக்கத்து ஏரியைச் சுற்றி எனக்குப் பாடம். இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் போடுகிற கத்தலில் வாக்கிங் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு மானம் போகிறது, போகட்டும்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். நான் சொல்வது இவ்வளவுதான். தியா ஒரு நாள் திடீரென்று, இந்த சோபா வேண்டாம், இந்த ஃபிளாட்டே வேண்டாம், எல்லாவற்றையும் மாற்று என்று நிற்பாள். நீ உடனே சோபாவைப் பற்றி வாதாட ஆரம்பிக்காதே. சோபா நல்ல சோபாவாகத்தான் இருக்கும். அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று பார். நேரே கேட்டால் சொல்ல மாட்டாள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். குனிந்து பார்க்க வேண்டியது உன் வேலை. தியா, இதை அவன் உனக்குப் படித்துக் காட்டினால், அவன் விஷயத்திலும் அப்படியே. அவன் அப்பாவுக்குப் பிள்ளைதான்.

இன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய். மன்னிப்பெல்லாம் கேட்டு நாடகம் ஆடாதே, அவருக்குப் பிடிக்காது. அம்மா ஓட்டினால் எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்கள் முன் சீட்டில் இருந்தால்தான் நான் ஏறுவேன் என்று மட்டும் சொல். முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே.

ஊர்வலத்தன்று மாலையும் கழுத்துமாக நீ பின்னால் உட்கார்ந்திருப்பாய். எல்லோரும் உன்னைப் பார்ப்பார்கள். நீ ஒரு தடவை எட்டி, முன் சீட்டுக்குக் கீழே இடது பக்கம் பார். அங்கே பெடல் எதுவும் கிடையாது. ஆனால் நான் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் ஒரு இடது கால் வெறும் தரையை மிதிக்கும். நான் விடும்போது அதுவும் மெல்ல மெல்ல விடும். தினமும் ஏரிக்கரையில் அதைப் பார்த்துத்தான் நான் ஓட்டப் பழகுகிறேன். உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதல் கியரில்தான். கொண்டுபோய் விடுவதும் முதல் கியரில்தான். அன்றைக்குத் தூங்கிவிட்டாய், இந்தத் தடவை முழித்துக்கொண்டிரு.

உன் அம்மா